மின்வண்டியும் தெருமுனைப் பட்டறையும்

ஊர்தியைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து ஓய்வு பெற்றவன் யான்; எந்திரநூல் கற்றவன் அல்லேன். ஆயினும் இரண்டு ஆண்டும் ஐந்து திங்களுமாக, மின்சாரத்தால் இயங்கும் ஸ்கூட்டர் ஒன்றை உடையவனாக இருக்கின்றேன். நாள்தோறும் அதில் ஏறிச் செல்கின்றேன். அதனால் நன்மையும் பெற்றேன், தொல்லையும் பட்டேன். பட்டவன் பேசினால் கேட்பவர் சிலரேனும் இருப்பர் அன்றோ?

யான் வாழும் ஊர் வள்ளியூர். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருவழியில் உள்ளது. இங்கிருந்து தெற்கு நோக்கிப் பணகுடியையும் காவல்கிணற்றையும் கடந்தால், முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் வெண்ணிறத் தூண்களாய் வானளாவி நிற்றலைக் காணலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி ஆடித் திங்களில் வீசும் காற்று அவற்றின் இறக்கைகளைச் சுழற்றுகின்றது. தென்கிழக்கே சென்றால் கடற்கரையில் கூடங்குளத்து அணுமின் நிலையம். அங்கு 1000 மெகாவாட் ஆற்றலுடைய உலைகள் இரண்டு இயங்குகின்றன. வடகிழக்கே தூத்துக்குடியில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் அனல்மின் நிலையம். காற்றும் அணுவும் கரியும் ஆகிய மூன்றும் எம் ஊரைச் சூழ்ந்து நின்று மின்சாரம் ஆக்குகின்றன. இத்தகைய ஊரில் வாழ்பவன் மின்வண்டி வாங்காமல் இருத்தல் தகுமோ என்று என் பெயர்த்தி கேட்டாள். வாங்கினேன்.

மின்வண்டி நேற்றுப் பிறந்தது என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. பெட்ரோல் வண்டி தலையெடுக்கும் முன்பே மின்வண்டி ஓடியது. 1897 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் தெருக்களில் மின்சார வாடகை வண்டிகள் ஓடின. மணிக்கு 100 கிலோமீட்டர் என்னும் விரைவினை முதன்முதலில் கடந்த வண்டி எது? 1899 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் காமில் செனாட்சி என்னும் பெல்ஜிய நாட்டவர் ஓட்டிய மின்வண்டியே. நம் நாட்டிலும் அவ்வாறே. சென்னை மாநகரில் 1895 ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் வண்டி தெருவில் ஓடத் தொடங்கியது. இந்திய நாட்டில் அதுவே முதலாவது. 1953 ஆம் ஆண்டில் அது நின்றுபோயிற்று. என் தந்தையார் சென்னையில் பயின்ற நாளில் அந்த டிராமில் ஏறிச் சென்றதையும், அதன் மணியோசையையும் பன்முறை சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

அவ்வளவு முன்னரே வந்த மின்வண்டி ஏன் தோற்றது? மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கலம் ஈயத்தால் ஆகிப் பெருஞ்சுமையாய் இருந்தது. சிறிது தொலைவிலேயே அதன் ஆற்றல் வற்றியது. மறுபுறம் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் மலிவாய்க் கிடைத்தன. 1908 இல் ஃபோர்டு நிறுவனத்தார் எளியோரும் வாங்கத்தக்க கார் ஒன்றை வெளியிட்டனர். பெட்ரோல் வண்டியை முடுக்குவதற்கு முன்னே நின்று இரும்புக் கோலைக் கையால் சுழற்ற வேண்டிய துன்பம் ஒன்று இருந்தது. அதுவும் 1912 இல் மின்சார முடுக்கி வந்ததால் நீங்கியது. மின்வண்டியை வீழ்த்தியதும் ஒரு மின்பொறியே என்பது நகைத்தற்குரிய செய்தி.

மீண்டும் அது தலைநிமிர்ந்ததற்குக் காரணம் லித்தியம் என்னும் உலோகம். உலோகங்கள் யாவற்றினும் எடை குறைந்தது அது. அதனைக்கொண்டு மின்கலம் ஆக்கும் வழியைக் கண்ட குட்டினஃப், விட்டிங்காம், யோசினோ என்னும் அறிஞர் மூவர்க்கும் 2019 ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. உங்கள் வீட்டுக் கைப்பேசியினுள் இருப்பதும் என் வண்டியின் இருக்கைக்குக் கீழே இருப்பதும் ஓரினத்தனவே.

'மின்கலம்' என்னும் சொல்லை இங்கே சிறிது நின்று நோக்குக. கலம் என்பது நம் மொழியில் உண்கலத்தையும் குறிக்கும். கடலில் செல்லும் மரக்கலத்தையும் குறிக்கும். கொள்வதும் கலம், கொண்டு செல்வதும் கலம். மின்சாரத்தைக் கொண்டு, நம்மையும் கொண்டு செல்லும் பொருளுக்கு இதனினும் பொருந்திய பெயர் கிட்டுமோ? ஆயினும் என் வீட்டில் இச்சொல்லை யான் ஒருவனே வழங்குகின்றேன். "தாத்தா, வண்டிக்குச் சார்ஜ் போட்டீர்களா?" என்றுதான் பெயர்த்தி கேட்கின்றாள். யானும் "போட்டேன்" என்றே விடை சொல்கின்றேன்.

இனி வரவு செலவு. நாள்தோறும் மாலையில் பணகுடிக்குச் சென்று அங்குள்ள சிறுவர்க்குத் தமிழ் கற்பித்துத் திரும்புகின்றேன். போய்வர 20 கிலோமீட்டர். திங்களுக்கு 600 கிலோமீட்டர். பழைய வண்டி ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 45 கிலோமீட்டர் ஓடியது. ஆகவே, லிட்டர் ஏறத்தாழ நூறு ரூபாய் என்று கொண்டால், திங்களுக்கு 1,300 ரூபாய் அதற்கே சென்றது. புதிய வண்டியின் கலம் 3 யூனிட் மின்சாரம் கொள்ளும். அதில் 90 கிலோமீட்டர் செல்லலாம். ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் திங்களுக்கு 24 யூனிட் செலவாகும். கட்டணம் 200 ரூபாய்க்குள் அடங்கிவிடுகின்றது. பெட்ரோல் வண்டியின் விலையைவிட 30,000 ரூபாய் மிகுதியாகக் கொடுத்து இதனை வாங்கினேன். அம்மிகுதி இருபத்தேழு திங்களில் மீண்டுவிட்டது. கலம் கெட்டால் மாற்றுதற்கு அரை இலட்சத்தை ஒட்டிச் செலவாகும் என்று விற்றவர் அப்பொழுதே சொன்னார். அஃது எந்த ஆண்டில் வருமோ, அறியேன். கணக்கில் அதனையும் எழுதி வைத்திருக்கின்றேன்.

விளம்பரத்தில் 120 கிலோமீட்டர் என்று இருந்தது. உண்மையில் 90 தான் என்பதை வாங்கிய முதல் வாரத்திலேயே கண்டுகொண்டேன். ஆடித் திங்களில் அதுவும் இல்லை. சென்ற ஆண்டு ஆடியில் உறவினர் திருமணத்திற்காகத் தக்கலைக்குப் புறப்பட்டேன். ஏறத்தாழ 48 கிலோமீட்டர். முப்பந்தலை நெருங்கியதும் காற்று எதிர்த்து வந்து மார்பில் மோதியது. என் மின்சாரத்தை ஆக்கும் அந்தக் காற்றே என் மின்சாரத்தை உண்ணவும் கண்டேன்! திருமணம் முடிந்து திரும்புகையில் தோவாளையை அடைந்தபோது, வண்டியின் முகப்பில் 12 விழுக்காடு என்று எண் ஒளிர்ந்தது. ஊருக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் உண்டு. பூச்சந்தைக்கு அருகில் இருந்த தேநீர்க் கடைக்காரரிடம் சென்று நிலைமையைச் சொன்னேன். அவர் குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு அங்கே என் வண்டிக்கு இடம் தந்தார். ஒரு மணி நேரம் அங்கு அமர்ந்து இரண்டு தேநீர் பருகி, மல்லிகை கட்டுவோரின் விரல் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புறப்படும்போது மின்சாரத்திற்குப் பணம் நீட்டினேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். பெட்ரோல் ஆயின் இரண்டு மணித்துளியில் நிரப்பிக்கொண்டு போயிருக்கலாம். இஃது ஒரு குறையே. குறை இல்லை என்று வாதாடுவோர் தொலைவழி சென்றறியாதவர்.

மற்றொரு சிறு செய்தி. மின்வண்டி ஓசையின்றிச் செல்லும். அதனைச் சிறப்பு என்று முதலில் மகிழ்ந்தேன். எம் ஊர்த் தெருவில் கீரை விற்கும் மூதாட்டி ஒருவர், யான் அருகில் சென்று நிறுத்தியதும் திடுக்கிட்டுக் கூடையை நழுவவிட்டார். "பூனை மாதிரி வந்து உயிரை வாங்குகிறீர்களே, தமிழையா!" என்றார். அன்று முதல் தெருமுனையில் ஒருமுறை ஒலி எழுப்பிவிட்டே திரும்புகின்றேன்.

மின்வண்டியைப் பற்றி எழும் வழக்குகளுள் பெரியது இது: "வண்டியில் புகை இல்லை, ஆனால் அதற்கு மின்சாரம் தரும் ஆலையில் புகை இருக்கின்றதே! தெருவின் அழுக்கைத் தூத்துக்குடிக்கு மாற்றியதன்றி வேறென்ன செய்தீர்?" என் நண்பர், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், இவ்வினாவை விடாமல் கேட்டார். பின்னர் அவரே தாளும் எழுதுகோலும் கொண்டுவந்து கணக்கிட்டுக் காட்டினார். அதனை உங்களுக்கும் சொல்கின்றேன்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் அளவு வெப்பம் அடங்கியுள்ளது. பெட்ரோல் பொறி அதில் கால்பங்கு அளவையே ஓட்டத்திற்குப் பயன்படுத்துகின்றது. எஞ்சியது சூடாகி வீணாகின்றது. அதனால்தான் 45 கிலோமீட்டர். அதே 9 யூனிட் வெப்பம் தரும் நிலக்கரியை ஆலையில் எரித்தால் மூன்றில் ஒரு பங்காகிய 3 யூனிட் மின்சாரம் கிடைக்கும். கம்பி வழி வந்து கலத்தில் ஏறுவதற்குள் அதிலும் சிறிது தேயும். ஏறத்தாழ இரண்டரை யூனிட் நிற்கும். அதில் என் வண்டி எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். இதுவரை மின்வண்டிக்கே வெற்றி. ஆனால் நிலக்கரி, அதே வெப்பத்திற்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு மிகுதியாகக் கரியமில வாயுவைக் கக்கும். அதனையும் கழித்தால் மின்வண்டியின் மேன்மை சிறிதளவே எஞ்சுகின்றது. கலத்தை ஆக்கும் ஆலையின் புகையையும் சேர்த்தால் அச்சிறிதும் தேயும். நிலக்கரியால் மட்டும் மின்சாரம் எடுக்கும் நாட்டில் மின்வண்டியால் பெரும்பயன் விளையாது என்பதை நண்பர் மெய்ப்பித்துவிட்டார், யானும் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் நம் கம்பிகளில் வருவது கரியின் மின்சாரம் மட்டும் அன்று. இந்திய நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகின்றது, உண்மை. எனினும் முப்பந்தலில் காற்றும், கமுதியில் 2016 முதல் இயங்கும் 648 மெகாவாட் கதிரவன் ஒளிப்பண்ணையும் அதனுடன் கலக்கின்றன. வீட்டுக்கு எதிரே காற்றாலை சுழல்வதால் என் வண்டி காற்றால் ஓடுகின்றது என்று பெருமை பேச இயலாது. எல்லா ஆற்று நீரும் கலந்த ஏரியிலிருந்து ஒரு குடம் மொள்பவன், இஃது இன்ன ஆற்று நீர் என்று சொல்ல முடியுமோ? ஆயினும் ஏரியில் தெளிநீர் ஆண்டுதோறும் கூடுகின்றது. பெட்ரோல் வண்டியோ வாங்கிய நாளில் கக்கிய புகையைத்தான் இறுதிநாள் வரையும் கக்கும். மின்வண்டி, ஆலை திருந்தத் திருந்தத் தானும் திருந்தும். நண்பரின் கணக்கில் இந்த ஒரு வரியைச் சேர்த்தேன். அவர் மறுக்கவில்லை; "பார்ப்போம்" என்றார்.

கலத்திற்கு வேண்டிய பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் மறைத்தல் கூடாது. லித்தியம், ஆஸ்திரேலியாவில் பாறையை அகழ்ந்தும், சிலி நாட்டின் அட்டகாமாப் பாலையில் உப்புநீரை வெயிலில் வற்றவைத்தும் எடுக்கப்படுகின்றது. நீர் அரிதாகிய அந்நிலத்தில் இதனால் தங்கள் ஊற்றுகள் வற்றுமோ என்று அங்குள்ள மக்கள் அஞ்சுகின்றனர். கோபால்ட்டு என்னும் மற்றோர் உலோகத்தின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருகின்றது. அங்கே உங்கள் வயதினரும் உங்களினும் இளையோரும் குழிகளில் இறங்கிக் கல் பொறுக்கிய செய்தி உலகறிந்தது. கோபால்ட்டு வேண்டாத இரும்புப் பாஸ்பேட்டுக் கலங்கள் இப்பொழுது பெருகி வருகின்றன. வண்டி வாங்குவோர் விலையைக் கேட்பது போலவே, உள்ளிருக்கும் கலம் எவ்வினத்தது என்பதையும் கேட்க வேண்டும். யான் வாங்கும்போது கேட்கவில்லை. கேட்டறியாமல் வாங்கியது பிழை.

தீயைப் பற்றிய அச்சம் வேறு. 2022 ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றின. நம் வேலூரில் மின்னேற்றத்தில் இருந்த வண்டி இரவில் எரிந்து, தந்தையும் மகளும் உயிர்நீத்தனர். அதன் பிறகு, அவ்வாண்டின் டிசம்பர் முதல், கலங்களுக்குரிய சோதனை விதிகளை அரசு கடுமையாக்கியது. அச்செய்தி கேட்ட நாள் முதல் யான் நினைவில் கொண்டிருந்த நெறி இது: வண்டியை வாயிற்படியை அடைத்து நிறுத்தி இரவில் மின்னேற்றுவதில்லை. வெயிலில் ஓடிவந்த வண்டியை அரைமணி ஆறவிட்டு, திறந்த தாழ்வாரத்தில், பகலில், நிறுவனம் தந்த கருவியால் மட்டுமே ஏற்றுகின்றேன்.

சென்னையில் என் மகன் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், இவ்வச்சத்தையே காரணமாகக் காட்டி, கீழ்த்தளத்தில் மின்னேற்றும் இணைப்புத் தரக் குடியிருப்போர் சங்கத்தார் மறுத்துவிட்டனர். அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் அதே கீழ்த்தளத்தில் நாற்பது வண்டிகள் வயிறு நிறையப் பெட்ரோலை வைத்துக்கொண்டு நிற்கின்றன! பழகிய தீயை நாம் தீயென்று எண்ணுவதில்லை போலும். என் மகன் அலுவலகத்தில் மின்னேற்றிக்கொண்டு வருகின்றான். சங்கத்தின் கூட்டத்தில் வழக்கு இன்னும் முடியவில்லை.

இவையெல்லாம் கூறிய பின்னரும், என் நெஞ்சில் தைத்து நிற்கும் முள் வேறொன்று.

எங்கள் தெருமுனையில் இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று உண்டு. அதனை நடத்துபவர் என்னிடம் பத்தாம் வகுப்பு வரை பயின்றவர். யாப்பிலக்கணம் அவருக்கு ஏறவில்லை. ஆனால் வண்டி முக்கினாலும் முனகினாலும் இன்ன இடத்தில் இன்ன நோய் என்று காதால் கேட்டே சொல்லிவிடுவார். இருபத்திரண்டு ஆண்டுகளாக என் பழைய வண்டியைக் காத்தவர் அவரே. புதிய வண்டியை முதன்முதல் அவர் கடையின் முன் நிறுத்தியபோது, சுற்றிவந்து பார்த்தார். "நல்ல வண்டி, ஐயா. இதில் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை, பிளக் இல்லை, கார்புரேட்டர் இல்லை, கிளட்ச் இல்லை. எனக்குத்தான் இதில் இடமில்லை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். யான் சிரிக்கவில்லை.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒருநாள் காலை வண்டி அசைய மறுத்தது. கலம் நிறைந்திருந்தது, முகப்பு ஒளிர்ந்தது, ஆயினும் சக்கரம் சுழலவில்லை. பட்டறைத் தம்பியை அழைத்தேன். அவர் வந்து கைவிளக்கால் பார்த்து, ஐந்து மணித்துளியில் நோயைச் சொன்னார். பக்கத்தாங்கி மடங்கியுள்ளதா என்று வண்டிக்கு உணர்த்தும் சிறு உணர்கருவி ஒன்று உண்டு. மழைநீர் புகுந்து அது கெட்டுவிட்டது. தாங்கி மடங்கியிருந்தும், விரிந்திருப்பதாகவே வண்டி எண்ணிக்கொண்டு நகர மறுக்கின்றது. "இதை மாற்றலாமே?" என்றேன். "மாற்றலாம், ஐயா. ஆனால் கடையில் கிடைக்காது. கிடைத்தாலும், வண்டிக்குள் இருக்கும் கணினி அதை ஏற்றுக்கொள்ள அவர்களுடைய மடிக்கணினி வேண்டும். நான் கை வைத்தேன் என்று தெரிந்தால் உங்களுக்குத் தந்த உறுதிக்காலமும் போய்விடும்" என்றார்.

ஆகவே வண்டியைச் சிற்றுந்தில் ஏற்றித் திருநெல்வேலியில் உள்ள பணிமனைக்கு அனுப்பினேன். அங்கே அது கிடந்தது ஒரு நாளன்று, இரு நாளன்று, நாற்பத்தொரு நாள். உதிரிப்பொருள் வரவில்லை என்றனர். வந்தபின் வல்லுநர் வரவில்லை என்றனர். தொலைபேசியில் பெண்குரல் ஒன்று, "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது" என்று நாள்தோறும் இனிமையாகக் கூறியது. அந்நாற்பத்தொரு நாளும் பேருந்தில் பணகுடிக்குச் சென்றேன். சில மாலைகளில் பேருந்து தவறியதால் சிறுவர்கள் காத்திருந்து கலைந்து போயினர். முடிவில் பழுது நீங்கி வண்டி வந்தது. மாற்றப்பட்ட பொருள், என் கட்டைவிரலினும் சிறியது.

மாணவர்களே! வாங்கிய பொருளுக்கு யான் உடையவனா, அல்லது வாடகைக்கு இருப்பவனா என்னும் ஐயம் அன்று எனக்கு எழுந்தது. மாட்டுவண்டியின் அச்சாணி கழன்றால் தச்சர் செருகினார். மிதிவண்டியின் குழாய் வெடித்தால் தெருக்கடைக்காரர் ஒட்டினார். பெட்ரோல் வண்டியையும் நம் பட்டறைத் தம்பிகள் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டனர். எக்கல்லூரியும் அவர்க்குச் சொல்லித்தரவில்லை. திறந்து பார்க்க இயன்றதால் கற்க இயன்றது. மின்வண்டியோ பூட்டிய பேழையாக வருகின்றது. பேழையைச் செய்தவர் திறவுகோலையும் தம் கையிலேயே வைத்துக்கொள்கின்றனர்.

இதற்கு அவர்கள் கூறும் விடையும் உண்டு. அதனைக் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது. மின்கலத்தை அறியாதவர் பிரித்தால் தீ எழும். உயிர்க்கு இடர் நேரும். கார்களில் உள்ள மின்னழுத்தம் சில நூறு வோல்ட்டு, தொட்டவர் மீளார். இஃது உண்மை, யானும் என் தம்பியைக் கலத்தைப் பிரிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்தாங்கியின் உணர்கருவியில் என்ன தீ இருக்கின்றது? தடுப்புக் கட்டையில், விளக்கில், கம்பியிணைப்பில் என்ன மறைபொருள் இருக்கின்றது? கலத்தை முத்திரையிட்டு மூடுக. மற்றவற்றின் உதிரிப்பொருளைக் கடையில் விற்க. பழுதின் பெயரைப் படித்தறியும் கருவியைப் பயிற்சி பெற்ற எவரும் வாங்கச் செய்க. இவ்வளவே யான் வேண்டுவது. அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 ஆம் ஆண்டிலேயே மக்கள் வாக்களித்து, கார்களின் பழுது பற்றிய செய்திகளைப் புறத்தேயுள்ள பட்டறைகளுக்கும் நிறுவனங்கள் தரவேண்டும் என்று சட்டம் செய்தனர். நம் நடுவணரசும் 2022 ஆம் ஆண்டில் பழுதுநீக்கும் உரிமையை ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. அவ்வாண்டின் இறுதியில் அதற்கென ஓர் இணையத்தளமும் திறந்தது. உழவுக் கருவி, கைப்பேசி, வீட்டுப்பொருள் ஆகியவற்றோடு ஊர்திகளும் அதில் இடம்பெற்றன. நல்ல தொடக்கம். ஆனால் எம் தெருமுனைக்கு அஃது இன்னும் வந்து சேரவில்லை.

மின்வண்டியை வேண்டா என்று யான் சொல்லவில்லை. பெட்ரோலுக்கு மீளவும் செல்ல எனக்கு விருப்பமில்லை. மாலைக் காற்றில் புகையும் அதிர்வும் இன்றிப் பணகுடிச் சாலையில் செல்லும் இன்பத்தை விட மனம் வரவில்லை. என் வழக்கு வண்டியோடு அன்று, பூட்டோடு. எந்திரம் எளிதாகிக்கொண்டே வருகையில், அதனைச் செம்மை செய்யும் அறிவு ஊரை விட்டு நகரத்திற்கும், நகரத்தை விட்டு எங்கோ உள்ள தலைமை நிலையத்திற்கும் சென்று ஒளிந்துகொள்வது முறையோ? ஊருக்கு ஊர் பட்டறை வைத்திருப்போர் எத்தனை பேர்! அவர்கள் கைவிரல்களில் உள்ள அறிவு ஒரு தலைமுறையில் திரண்டது. அதனை வீசிவிட்டு மற்றொன்றைப் புதிதாகத் திரட்டுவது பெரிய வீண் செலவு.

பட்டறைத் தம்பி சும்மா இருக்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் மின்வண்டிப் பழுதுபார்ப்பு இப்பொழுது ஒரு பாடமாக வந்துள்ளது. அதனை முடித்த உறவுக்காரப் பையன் ஒருவனைக் கடையில் சேர்த்துக்கொண்டார். பையனிடமிருந்து இவர் மின்னோட்டமானியைப் பிடிக்கக் கற்கின்றார். இவரிடமிருந்து பையன் சுத்தியலைப் பிடிக்கக் கற்கின்றான். நாற்பது வயதில் மாணாக்கரானதைப் பற்றிக் கேட்டேன். "யாப்பிலக்கணத்தைவிட எளிதுதான், ஐயா" என்றார்.

என் வண்டிக்குத் தந்த உறுதிக்காலம் மூன்று ஆண்டு. அது முடிய இன்னும் ஏழு திங்கள் உள்ளன. முடிந்த மறுநாள் காலையில் வண்டியைக் கொண்டுவருமாறு தம்பி சொல்லியிருக்கின்றார். கலத்தைத் தவிர்த்து மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, கண்டதைப் படம் வரைந்து வைத்துக்கொள்ளப் போகின்றாராம். பட்டறையின் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்த நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டும் வைத்துவிட்டார்.